வேம் பூஞ்சையைத் தொட்டியில் பெருக்குவது எப்படி?

உயிர் உரம் விற்கும் இடங்களில் ‘வேம்’ (VAM) என்று ஒரு பாக்கெட் கிடைக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் வாங்கலாம். பிரித்துப் பார்த்தால் வெறும் மண் மாதிரிதான் இருக்கும். அதற்குள் வேர் உட்பூசணம் என்ற, வேருக்குள் குடியேறி வாழும் பூஞ்சையின் வித்துகளும், பூஞ்சை குடியேறிய வேர்த்துண்டுகளும் இருக்கின்றன.

சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பெருக்குவதுபோல இதையும் பலர் வெல்லத் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். பலனே இல்லை. வேம் உயிருள்ள வேரில் ஒட்டிக்கொண்டுதான் பெருகும். அதற்கான சர்க்கரையையும் கொழுப்பையும் செடிதான் கொடுக்க வேண்டும். பதிலுக்குச் செடிக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிடைக்கிறது. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேரை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்துவிட்டால், அடுத்தது வந்து சேர நாளாகும். வேர்த்தூவியைவிட மெல்லிய பூஞ்சை இழைகளோ பல சென்டிமீட்டர் தள்ளிப்போய் அதை எடுத்து வரும். ஆகவே நாம் வளர்க்கப்போவது முதலில் வேரை, அப்புறம்தான் பூஞ்சையை.

1. செம்மண்ணும் மணலும் சம அளவு கலந்து, கொதிக்கும் நீரை ஊற்றி நன்றாக ஆறவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கிருமிகள் ஓரளவு குறையும்.

2. 12 அங்குலத் தொட்டியில் இதை நிரப்புங்கள். மேலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் கீழே 100 கிராம் வேமைப் பரப்பி மண்ணால் மூடுங்கள். முளைத்து இறங்கும் வேர் இந்த அடுக்கைத் தாண்டித்தான் போக வேண்டும்.

3. எட்டு, பத்து மக்காச்சோள விதைகளை ஊன்றுங்கள். மருந்து கலந்த விதை வேண்டாம்.

4. உரம். கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். சூப்பர் பாஸ்பேட், எலும்புத்தூள் எதையும் போடாதீர்கள். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சைக்குத் தீனி போடுவதைக் குறைத்துவிடும். வேரில் பூஞ்சையும் குறையும். செடி ரொம்ப வெளிறினால் சிட்டிகை யூரியா போதும். கொஞ்சம் வாடலாக நிற்கிற சோளத்தைப் பார்த்து இரக்கப்பட வேண்டாம்!

5. சுமார் 60 நாளில் தண்ணீரை நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்துத் தண்டை வெட்டிவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி அதே மண்ணோடு கலந்து நிழலில் உலர்த்துங்கள். இதுதான் உங்கள் புது வேம்.

பூஞ்சை பிடித்ததா என்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வேருக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றை நடும்போது குழிக்குள் இரண்டு ஸ்பூன் போட்டு, வேர் அதன்மேல் படும்படி வையுங்கள். மேலே தூவினால் வேருக்கு எட்டாது. முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கடுகு, பீட்ரூட் தொட்டிகளுக்கு இதைச் செலவழிக்காதீர்கள். அவற்றின் வேர் இந்தப் பூஞ்சையோடு சேராது.