பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும்போது பாலைக் குறைக்கும் தவறுகள்

தீபகற்ப மலேசியாவில் தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 98 நாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து முழுக்க எடுத்தால், திரும்பிப் போகும்போது பிள்ளைக்கு மூன்று மாதம் தாண்டியிருக்கும். ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் மார்பு முன்போல் கனக்காமல் இளகிப்போகிறது. பிள்ளை குடிக்கும் அளவுக்குச் சுரப்பு சீராகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் வீட்டில், “வேலைக்குப் போனா, பால் வத்திப்போச்சு” என்பார்கள். மறுவாரமே பால் மாவு டின் வந்து உட்கார்ந்துவிடும். முதல் தவறு இந்த அவசரம்.

பால் உண்மையிலேயே குறைவது வேறு காரணத்தால். மார்பில் பால் தேங்கி நின்றால் உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்; எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பம்ப் செய்து பாலை எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். “இன்றைக்கு வேலை அதிகம், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒரு வாரம் ஓட்டினால் பால் குறைவது கண்கூடாகத் தெரியும்.

சொல்வது சுலபம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்ட் சாதாரணம். தூசியே இருக்கக்கூடாத கிளீன் ரூமில் வேலை என்றால் மேலங்கி, தலைமூடி, காலுறை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெளியே வரவே நேரம் பிடிக்கும். திரும்ப மாட்டிக்கொண்டு உள்ளே போக இன்னும் கொஞ்சம். அரை மணி நேர இடைவேளையில் சாப்பாடா பம்பா என்றால் வயிறுதான் ஜெயிக்கும். வேலைவாய்ப்புச் சட்டத்தில் பம்ப் செய்யத் தனி நேரம் கிடையாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வேலைக்குத் திரும்பிய நாளன்று சூப்பர்வைசர் முன் போய் நிற்பது ரொம்பத் தாமதம். வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்க அதே சட்டம் இடம் தருகிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் தர வேண்டும். அதனால் பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனதுமே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். பம்ப் செய்ய ஓர் அறையும் அதிலேயே கேளுங்கள். கழிப்பறையைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே உட்கார்ந்து யாராவது சாப்பிடுவார்களா?

அடுத்தது புட்டி. ஒன்று முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும்; மாதம் ஏறினாலும் அது பெரிதாக ஏறாது. பால் மாவு டின்னில் வயதோடு ஏறிக்கொண்டே போகும் அளவுப் பட்டியலை இதற்குப் பார்க்கக்கூடாது. நீங்கள் வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 30 மில்லி என்று கணக்குப் போடுங்கள். பினாங்குப் பாலத்து நெரிசலோடு சேர்த்துப் பத்து மணி நேரம் என்றால் 300 மில்லி. அதை 60 முதல் 120 மில்லியாகப் பிரித்து வைக்கலாம்.

பிள்ளை அழுததும் பாட்டி 200 மில்லியை ஊற்றி, படுக்கவைத்துப் புட்டியைக் கவிழ்த்தால் பால் தானாக வாயில் கொட்டும். பிள்ளை விழுங்காமல் என்ன செய்யும்? புட்டி காலியாகிவிடும், “உன் பால் பத்தலை” என்ற தீர்ப்பும் வந்துவிடும். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, பால் மெதுவாக வரும் ரப்பர் காம்பைப் போட்டு, புட்டியைக் கிடையாகப் பிடித்து, நடுநடுவே நிறுத்திக் கொடுக்க வேண்டும். இதை வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே பழக்குங்கள். அம்மாவிடமோ மாமியாரிடமோ வாயால் சொல்வதைவிட நேரில் செய்து காட்டுவதே நல்லது.

எடுத்த பால் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 பாகை வரைதான். ஏர்கான் அறைக்குச் சரி. பட்டர்வொர்த் வெயிலில் நிற்கும் காருக்கு இல்லை. ஐஸ் கட்டி வைத்த கூலர் பையில் 24 மணி நேரம் தாங்கும். பிரிஜில் நான்கு நாள், அதுவும் கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி. உறைய வைத்தால் ஆறு மாதம். உறைந்ததை இளகவைத்தால் பிரிஜில் 24 மணி நேரம்தான், மறுபடி உறைய வைக்கக்கூடாது. சூடான புதுப் பாலைக் குளிர்ந்த பாலில் ஊற்றாதீர்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். புட்டி வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே பால் நாக்கைச் சுடும். மேலே கொழுப்பு மிதந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

பம்ப் திடீரென்று குறைவாக இழுத்தால் முதலில் சிலிக்கான் வால்வைப் பாருங்கள், தேய்ந்து தொளதொளத்திருக்கும். மார்பில் பொருத்தும் புனல் அளவு சரியில்லை என்றாலும் வலிக்கும், பால் வராது.

பூண்டும் சுறாப் புட்டும் தாராளமாகச் சாப்பிடுங்கள், ருசிக்காகவே சாப்பிடலாம். ஆனால் பால் எடுக்காத நாளுக்கு அவை ஈடாகாது. பால் கட்டிக்கொண்டால் அழுத்திப் பிசையாமல் குளிர்ந்த துணி வையுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் பம்பை ஓரம் வைத்துவிட்டு நேரடியாகவே கொடுங்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில் அதிகம் என்பதால், இரவுப் பாலை நிறுத்தித் தூக்கத்தை மிச்சம் பிடிப்பது கட்டுப்படியாகாது. இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் காலையில் வந்ததும் படுக்கப் போகுமுன் ஒரு முறை, வேலைக்குக் கிளம்புமுன் ஒரு முறை கொடுத்துவிடுங்கள்.