கப்பலேறிய முன்னோரின் ஊரையும் மனையையும் தேடும் முறை

ஒப்பந்தக் கூலிகளாக மொரிஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால், பிஜி சென்றவர்களின் வழிவந்தோர் பூர்வீக ஊரைத் தேடப் புறப்படும்போது, குடும்பத்தில் வழங்கிவரும் கதைகளுக்கு முன்பாக முன்னோரின் குடியேற்ற எண்ணைத் தேட வேண்டும். 1860 முதல் 1911 வரை நேட்டாலில் இறங்கிய சுமார் 1,52,000 பேருக்கும் தனித்தனி எண் வழங்கப்பட்டது. பின்னாளைய திருமணப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் அந்த எண் திரும்பவும் எழுதப்பட்டதால், கொள்ளுத்தாத்தாவின் இறப்புச் சான்றிலிருந்து பின்னோக்கிச் செல்வதே குறுக்கு வழி. முனியம்மாள்களும் ராமசாமிகளும் கப்பலுக்குக் கப்பல் இருப்பார்கள். வெறும் பெயரை நம்பிப் பயனில்லை.

எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் ஆகியவற்றைக் காணலாம். 1879 முதல் 1916 வரை பிஜிக்குச் சென்றவர்களின் குடியேற்றச் சீட்டில் உயரமும் அங்க அடையாளமும்கூட உண்டு. மொரிஷியஸ் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. மலேயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேற்பார்த்தவர்) வழியாகப் போனவர்களுக்கு இத்தகைய சீட்டு கிடைப்பது அரிது. கங்காணிகள் பெரும்பாலும் சொந்த ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்ததால், அங்கே கங்காணியின் ஊரைத்தான் விசாரிக்க வேண்டும்.

கிராமப் பெயரில்தான் பலர் வழி தவறுகிறார்கள். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். புதூர், புத்தூர், பூதூர் மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் அடங்கிவிடும். ஆகவே தாலுகாவை முதலில் உறுதிசெய்து, அதற்குள் அப்பெயருக்கு ஒத்துவரும் எல்லாக் கிராமங்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். அன்றைய எல்லைகளும் இன்றில்லை: சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டில் இருந்தது, இன்று ஆந்திரத்தில் இருக்கிறது; தமிழ்நாட்டில் எஞ்சிய வட ஆர்க்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பிரிந்துள்ளது.

கூலியாகப் போனவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இருந்திருக்காது என்பதால் பழைய பட்டாவில் அவர்கள் பெயரை எதிர்பார்க்க வேண்டாம். அவர்கள் குடியிருந்த மனை கிராம நத்தத்திலோ சேரியிலோ இருந்திருக்கும். நிலம் இருந்த குடும்பமென்றால் தாலுகா அலுவலகத்தில் பழைய 'அ' பதிவேட்டை, அதாவது கிராமத்து நிலங்களையும் உடைமையாளர்களையும் சர்வே எண்வாரியாகக் காட்டும் ஏட்டைக் கேட்கலாம். 1979க்குப் பின் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் சர்வே எண்கள் மாறியிருப்பதால், பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குள் குலதெய்வக் கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பத்தாரையும் பங்காளிகளையும் விசாரிப்பது கிராம நிர்வாக அலுவலகத்தைவிட அதிகம் தரும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து பாட்டன் மனை எது என்று கேட்டால் பங்கு கேட்க வந்தவரென்றே நினைப்பார்கள். அப்படியில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சீட்டிலுள்ள பெயர்களை நாமாகச் சொல்லிவிடாமல், அவர்கள் வம்சத்துப் பெயர்களை வரிசையாகச் சொல்லக் கேட்க வேண்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், சீட்டிலுள்ள தந்தை பெயர் அவ்வரிசையில் மீண்டும் வருகிறதா என்று பார்த்த பிறகே அவர்கள் காட்டும் மனையை ஏற்கலாம்.