மேட்டூர் அணையில் தூண்டில் போடுபவர்கள் தவிர்க்க வேண்டியவை

விரலில் தூண்டில் முள் குத்துவது, நரம்பு (தூண்டில் இழை) சிக்கலாவது எல்லாம் நாள்போக்கில் சரியாகிவிடும். அணை நீர்த்தேக்கத்தின் பண்ணவாடிக் கரைக்குப் புதிதாக வரும் தம்பிகள் வருஷா வருஷம் செய்கிற வேறு சில தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

போன மாத இடத்திலேயே உட்காருவது

அணையின் முழு மட்டம் 120 அடி. வழக்கப்படி ஜூன் 12-ல் டெல்டாவுக்குத் தண்ணீர் திறந்தால், வரத்து குறைவாக இருக்கும் வருஷத்தில் மட்டம் மளமளவென்று இறங்கும். கரையும் உள்ளே போய்விடும். அப்படி வற்றி, தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை வெளியே தெரியும்போது ஒரு நடை சுற்றி வாருங்கள். கல், கட்டை, பழைய சுவர் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். தண்ணீர் ஏறியபின் நரம்பில் கட்டிய ஈயக் குண்டு போய்ச் சிக்குவது அங்கேதான்.

எல்லா மீனுக்கும் அடியில் இரை

கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுவில், மிர்கால் அடியில். தக்கையை நரம்பில் மேலும் கீழும் நகர்த்தி, இரை நிற்கும் ஆழத்தை மாற்றிப் பாருங்கள்.

டிராக்கை இறுக்கிவிட்டு எழுந்து போவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். மீன் வேகமாக இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கத்தான் ரீலில் (நரம்பு சுற்றும் உருளையில்) டிராக் இருக்கிறது. அதை முழுக்கத் திருகி இறுக்கினால் நரம்பு அறும், இல்லையென்றால் முள் நிமிரும். இரண்டும் நடக்காவிட்டால் கோலே தண்ணீருக்குள் போகும்.

போன கோடையில் ஒரு தம்பி புதுக் கோலைக் கவட்டைக் குச்சியில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். "டிராக்கைத் தளர்த்திட்டுப் போங்க தம்பி" என்றேன். "இப்ப வந்துர்றேண்ணா" என்றார். அவர் திரும்பி வந்தபோது குச்சி மட்டும்தான் நின்றது. பரிசல்காரர் ஒருவர் கொக்கி போட்டுத் துழாவியும் கோல் கிடைக்கவில்லை.

பணம் அவருடையது, போகட்டும். ஆனால் அந்த மீன் முள்ளும் நரம்புமாக அலையும். அது போய்ச் சிக்குவது பரிசல்காரர் விரித்த வலையில். உரிமம் எடுத்து, ராத்திரி வலை விட்டு, விடியலில் எடுத்துப் பிழைக்கிறவர் அவர். நம் பொழுதுபோக்குக்கு அவர் ஏன் கிழிந்த வலையைத் தைக்க வேண்டும்?

10 கிலோ தாங்கும் நரம்பென்றால் இரண்டரை, மூன்று கிலோ இழுப்பிலேயே ரீல் நரம்பை விட வேண்டும். வில்தராசை நரம்பில் கட்டி இழுத்தால் தெரிந்துவிடும். முடிச்சுப் போட்ட இடம் நரம்பைவிடப் பலவீனம் என்பதும் இவ்வளவு குறைவாக வைக்க ஒரு காரணம். எழுந்து போக வேண்டுமென்றால் இரையை வெளியே எடுத்துவிட்டுப் போங்கள்.

அறுந்த நரம்பு

சுருட்டிப் பையில் போடுங்கள்.

மதகுப் பக்கம்

போகவே கூடாது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால்

திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். மற்ற மீன் குஞ்சுகளை அது விட்டுவைக்காது.