ஓடையை அளந்து வகை சொல்வது எப்படி

ஓடைகளை வகை பிரிக்கப் பல முறைகள் உண்டு. லியோபோல்டும் வோல்மனும் 1957-இல் நேர், வளைவு, பின்னல் என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஒரே எண்ணுள்ள இரண்டு ஓடைகள் கூடும்போது ஒன்று ஏறும் ஸ்ட்ராலரின் வரிசை எண்ணை வைத்து, எத்தனை கிளைகள் கூடி இந்த ஓடை உருவானது என்று ஓரளவு சொல்லலாம், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மலை ஓடைகளுக்கென்றே மாண்ட்கோமரியும் பஃபிங்டனும் 1997-இல் தனியாக ஒன்று கொண்டுவந்தார்கள். ஆனால் டேப்பும் கையுமாகக் கரையில் நிற்கிறவருக்கு நேரடியாக உதவுவது அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த டேவ் ராஸ்கன் 1994-இல் வெளியிட்ட முறைதான், ஏனென்றால் அதில் எல்லாமே அளந்து சொல்லக்கூடியவை. கடைசியில் கிடைப்பது ‘பி3’, ‘சி4’ மாதிரி ஒரு குறி: எழுத்து கால்வாயின் வடிவத்தைச் சொல்லும், எண் படுகையில் என்ன கிடக்கிறது என்பதைச் சொல்லும். இந்த முறைமேல் எனக்குக் குறைகளும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெரிய கருவிகள் வேண்டாம். 50 மீட்டர் டேப், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீளமான ட்யூப், சென்டிமீட்டர் குறித்த ஒரு நீளக் கம்பு, நைலான் கயிறு, நாலு முளைக்குச்சி, ஒரு சின்ன ஸ்கேல், நோட்டு, கூட ஒரு ஆள். போக வேண்டிய நேரம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாசி வாக்கில். தண்ணீர் குறைந்திருக்கும், வெள்ளம் விட்டுப்போன தடங்களும் அழியாமல் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடை என்றால் மேலே மழை மேகம் கட்டியிருக்கும்போது இறங்காதீர்கள், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் தண்ணீர் வந்துவிடும். காப்புக்காட்டுக்குள் போவதற்கு அனுமதி வாங்குங்கள்.

முதலில் இடம் தேர்வு. ஓடை முழுக்க ஒரே வகையாக இருக்காது, அதனால் ஒரு துண்டை எடுத்து அதற்கு மட்டும் வகை சொல்ல வேண்டும். ஓடையின் அகலத்தைப் போல 20 மடங்கு நீளம் இருந்தால் போதும். 8 மீட்டர் ஓடைக்கு 160 மீட்டர். அந்தத் துண்டுக்குள் தடுப்பணை, தரைப்பாலம், வேறு ஓடை வந்து சேரும் இடம் எதுவும் இருக்கக் கூடாது. துண்டுக்குள்ளேயே, தண்ணீர் ஆழமில்லாமல் கற்கள்மேல் சலசலத்து ஓடும் நேரான ஒரு இடத்தைக் குறுக்குவெட்டு அளக்க வைத்துக்கொள்ளுங்கள். மடுவில் அளந்தால் ஆழம் கூடிக் கணக்குக் கெட்டுவிடும்.

இப்போது வருகிறது உண்மையான வேலை. இந்த முறையில் பாதி அளவுகள் ஒரே ஒரு கோட்டை நம்பி நிற்கின்றன: கரை நிறையும் மட்டம். அதாவது தண்ணீர் கால்வாய் முழுக்க நிறைந்து, இன்னும் ஒரு விரல் ஏறினால் பக்கத்துச் சமவெளியில் பரவ ஆரம்பிக்கும் மட்டம். இது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பெருவெள்ளத்தின் மட்டம் அல்ல. பல ஆறுகளில் சராசரியாக ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை வரும் சாதாரண வெள்ளம் தொடும் உயரம்தான் இது, ஆற்றின் வடிவத்தைச் செதுக்குவதில் பெரும்பங்கு அதற்குத்தான். மட்டத்தை அரை மீட்டர் ஏற்றிப் பிடித்தீர்கள் என்றால் அகலம், ஆழம், வெள்ள அகலம் மூன்றும் சேர்ந்து தப்பாகி எழுத்தே மாறிப்போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வளைவின் உள்பக்கம் மணல் அல்லது கூழாங்கல் சேர்ந்த மேடு இருக்கும், அதன் தட்டையான உச்சி நல்ல அடையாளம். கரைச் சரிவு செங்குத்தாக ஏறி வந்து சட்டென்று படுக்கும் இடம் இன்னொன்று. கீழே கூழாங்கல்லும் பருமணலுமாக இருந்தது மேலே மெல்லிய வண்டலாக மாறும் கோடு மூன்றாவது. பாறைக் கரையாக இருந்தால் பாசியும் மரப்பாசியும் எந்த உயரத்துக்குக் கீழே பிடிக்காமல் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். இவற்றில் இரண்டு மூன்று ஒரே உயரத்தில் சேர்ந்து வர வேண்டும், அதுவும் துண்டு நெடுகிலும் ஏழெட்டு இடங்களில் வர வேண்டும். ஒரே அடையாளத்தைப் பார்த்துவிட்டு முளை அடிக்காதீர்கள்.

நம்ம ஊரில் ஏமாற்றும் அடையாளங்கள் நிறைய. நாணல் புதரிலும் மரக்கிளையிலும் மாட்டிக்கொண்டு தொங்கும் பாலித்தீன் பைகளும் கந்தல் துணியும் கடைசியாக வந்த வெள்ளம் எவ்வளவு ஏறியது என்பதைத்தான் காட்டும். அது கரை நிறையும் மட்டமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘நிரந்தரச் செடிகள் தொடங்கும் கோடு’ என்று புத்தகங்களில் போட்டிருப்பதையும் அப்படியே நம்ப முடியாது, ஏனென்றால் நாலு வருஷம் தண்ணீர் வராவிட்டால் சீமைக்கருவேலம் படுகைக்குள்ளேயே இறங்கி மரமாகிவிடுகிறது; வைகைப் படுகையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு மாறாக, கரையோரம் நிற்கும் முதிர்ந்த மருத மரங்களின் வேரடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை மற்ற அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். இன்னொரு ஏமாற்று, பழைய சமவெளி. ஆறு கீழே இறங்கிவிட்ட இடங்களில் முந்தைய காலத்துச் சமவெளி உயரத்தில் ஒரு படி போலத் தனியாக நிற்கும், பார்த்தால் அதுதான் கரை என்று தோன்றும். அதற்குக் கீழே புதிதாக ஒரு சின்னத் தட்டு உருவாகியிருக்கிறதா என்று தேடுங்கள், மட்டம் அங்கேதான்.

மட்டம் பிடித்தாகிவிட்டது என்றால் மிச்சம் எளிது. இரண்டு கரையிலும் அந்த உயரத்தில் முளை அடித்து, ட்யூபில் மட்டம் பார்த்து, டேப்பை இழுத்துக் கட்டுங்கள். ட்யூபுக்குள் காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டேப்பில் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் கம்பை நேராக நிறுத்தி, டேப்பிலிருந்து படுகை வரைக்கும் எவ்வளவு ஆழம் என்று எழுதுங்கள். தண்ணீரின் ஆழம் இல்லை, டேப்பிலிருந்து ஆழம். ஒவ்வொரு ஆழத்தையும் அரை மீட்டரால் பெருக்கிக் கூட்டினால் குறுக்குவெட்டுப் பரப்பு வந்துவிடும், அதை அகலத்தால் வகுத்தால் சராசரி ஆழம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலம் 8 மீட்டர், பரப்பு 4.8 சதுர மீட்டர் என்றால் சராசரி ஆழம் 0.6 மீட்டர். அகலத்தை ஆழத்தால் வகுத்தால் 13.3. இது முதல் எண், அகல–ஆழ விகிதம்.

அடுத்தது, ஓடை எவ்வளவு குடைந்து இறங்கியிருக்கிறது என்பது. அதே குறுக்குவெட்டில் மிக ஆழமான இடம் 0.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டால் பெருக்கி, 1.8 மீட்டர் உயரத்தில் படுகையிலிருந்து மட்டமாக ஒரு கோடு போனால் இரண்டு பக்கமும் தரையை எங்கே தொடுகிறது என்று பாருங்கள். அந்த அகலம் 13 மீட்டர் என்றால் 13-ஐ 8-ஆல் வகுத்து 1.6. இந்த எண் 1.4-க்குக் கீழே இருந்தால் ஓடை பள்ளத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, வெள்ளம் பரவ இடமில்லை. 2.2-க்கு மேலே இருந்தால் தாராளமாகப் பரவலாம். நம்முடையது நடுவில் இருக்கிறது. இந்த அளவுதான் ராஸ்கன் முறையில் எனக்குப் பிடித்தது: இரண்டு நிமிட வேலை, ஆனால் வெள்ளம் வந்தால் கரையை அறுக்குமா, வயலில் பரவுமா என்பதை ஓரளவு சொல்லிவிடுகிறது.

வளைவு அளக்க ஓடையின் நடுவே நடந்து போகும் நீளத்தை, பள்ளத்தாக்கு வழியே நேராகப் போகும் நீளத்தால் வகுக்க வேண்டும். பெரிய ஆறு என்றால் கூகுள் எர்த்திலேயே முடித்துவிடலாம். 1.2-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட நேர், 1.5-க்கு மேல் நன்றாக நெளிகிறது. சரிவுக்குத் தண்ணீர்ப் பரப்பின் உயர வித்தியாசத்தை எடுங்கள், ஒரு சலசலப்பின் தலையில் ஆரம்பித்து இன்னொரு சலசலப்பின் தலையில் முடிய வேண்டும், ட்யூபைத் துண்டு துண்டாக நகர்த்திக்கொண்டே போகலாம். 100 மீட்டருக்கு 2.5 மீட்டர் இறங்கினால் 2.5 சதவீதம்.

அப்புறம் கல் எண்ணுவது. வோல்மன் 1954-இல் சொன்ன வழி, இன்னும் அதைவிட எளிதாக யாரும் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஓடையைக் குறுக்கே கரையிலிருந்து கரைக்கு நடக்க வேண்டும். ஒவ்வொரு எட்டிலும் கீழே பார்க்காமல் குனிந்து, கால் பெருவிரல் நுனிக்கு முன்னால் கைவிரலில் முதலில் படும் கல்லை எடுக்க வேண்டும். பார்த்து எடுத்தால் கை தானாக அழகான, பிடிக்கத் தோதான கல்லுக்குத்தான் போகும். எடுத்த கல்லுக்கு மூன்று அளவு உண்டு, நீளம், நடு, கனம். அதில் நடு அளவை மட்டும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். தூக்க முடியாத பாறாங்கல்லை இருந்த இடத்திலேயே அளக்கலாம். நூறு கல் ஆனதும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பாருங்கள். சலசலப்பிலும் மடுவிலும் எடுக்கும் கற்கள், துண்டில் அவை இருக்கும் விகிதத்திலேயே இருக்க வேண்டும். படுகை முழுக்கத் தாய்ப்பாறை என்றால் எண் 1, ஒகேனக்கல்லில் காவிரி ஓடுவது போல. நடுக்கல் 256 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் 2, 64 முதல் 256 வரை 3, 2 முதல் 64 வரை கூழாங்கல், அது 4. மணல் 5, வண்டலும் களிமண்ணும் 6. பாலாறு மாதிரி இடத்தில் நூறு கல் எண்ணுவதில் அர்த்தமில்லை. விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறவென்றால் மணல், மாவு போல வழுக்கினால் வண்டல்.

எழுத்துக்கு வருவோம். முதல் கேள்வி, ஒரே கால்வாயா, மூன்றாகவோ அதற்கு மேலோ பிரிந்து ஓடுகிறதா? பிரிந்து, நடுவே செடியில்லாத திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தால் டி. அகல–ஆழ விகிதம் 40-ஐத் தாண்டும். திட்டுகள் மரம் செடியோடு உறுதியாக நின்று, சரிவும் அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் டிஏ. ஒரே கால்வாய் என்றால் குடைவு எண்ணைப் பாருங்கள். 1.4-க்குக் கீழே இருந்து விகிதம் 12-க்கும் கீழே என்றால் ஏ அல்லது ஜி. சரிவு 4 சதவீதத்துக்கு மேல், நேராக, படிப்படியாக விழுந்து ஓடினால் ஏ. பொதிகை மலைச் சரிவில் பாறாங்கல்லுக்கு இடையில் இறங்கும் ஓடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். 2 முதல் 4 சதவீதம், மழை அரித்த பள்ளம் போல என்றால் ஜி. குடைந்தும் இருக்கிறது, ஆனால் விகிதம் 12-க்கு மேல் அகலமாக இருக்கிறது என்றால் எஃப். குடைவு 1.4 முதல் 2.2 வரை என்றால் பி. 2.2-க்கு மேலே போய், அகலமாக வளைந்து ஓடினால் சி, குறுகி ஆழமாக நெளிந்து ஓடினால் இ. இந்த இ வகையை நீலகிரி உச்சிப் புல்வெளிச் சதுப்புகளில் தேடிப் பார்க்கலாம், வயல்காட்டில் கிடைப்பது கஷ்டம்.

நம் கணக்கு ஓடைக்கு 1.6, 13.3, சரிவு 2.5 சதவீதம், வளைவு 1.24, நடுக்கல் 90 மில்லிமீட்டர். ஆக பி3.

எல்லைக் கோட்டில் நிற்கும் எண்களுக்குப் பயப்பட வேண்டாம். குடைவிலும் வளைவிலும் 0.2 முன்னே பின்னே, விகிதத்தில் 2 முன்னே பின்னே போகலாம் என்று ராஸ்கனே இடம் கொடுத்திருக்கிறார்.

இனி குறைகள். இந்தக் குறி, ஆறு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஏன் அப்படி ஆனது என்பதைச் சொல்லாது. மணல் அள்ளிப் படுகை இரண்டு மூன்று மீட்டர் இறங்கிய ஆற்றில் அளந்தால், வெள்ளம் பழைய சமவெளிக்கு எட்டாது, குடைவு எண் சுருங்கி எஃப் என்று வந்து நிற்கும். இயற்கையாகக் குடைந்த எஃப்-உம் மனிதர்கள் தோண்டிய எஃப்-உம் காகிதத்தில் ஒன்றுதான். டெல்டாவில் இரண்டு பக்கமும் கரை போட்டிருக்கும் ஆறுகளிலும் இதே சிக்கல், வெள்ள அகலத்தை ஆறு முடிவு செய்வதில்லை, பொதுப்பணித்துறை போட்ட கரை முடிவு செய்கிறது. மேலே அணை இருந்தால் ஒன்றரை வருஷக் கணக்கும் ஆட்டம் கண்டுவிடும். அதனால் எழுத்தோடு சேர்த்து, மேலே அணை உண்டா, மணல் எடுத்தார்களா, பாலத்தூணின் அடித்தளம் வெளியே தெரிகிறதா என்று நாலு வரி எழுதி வையுங்கள். பாலத்தூண் பொய் சொல்லாது, கட்டும்போது மண்ணுக்குள் இருந்தது இப்போது வெளியே தெரிந்தால் படுகை அவ்வளவு இறங்கியிருக்கிறது.

குறியை விளக்கமாக எடுத்துக்கொள்ளாமல் வரைபடமாக எடுத்துக்கொண்டு ஆற்றையே வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவில் உவாஸ் ஓடை ஒரு உதாரணம். 1995 நவம்பரில் அதை அழகாக வளைந்து ஓடும் சி4 வகையாகத் திருத்தி அமைத்தார்கள், 1996 பிப்ரவரியிலேயே வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு பழைய பதிவுகளைப் புரட்டியதில் அது வளைந்து ஓடுகிற ஓடையாகவே இருந்ததில்லை, பின்னிப் பிரிந்து ஓடியது என்று தெரிந்தது. அளவு எடுக்கும் முன்பே பழைய சர்வே வரைபடத்தையும் செயற்கைக்கோள் படங்களையும் வரிசையாகப் பார்ப்பது அதனால்தான் முக்கியம். கூகுள் எர்த்தில் பழைய வருஷங்களுக்குப் போகும் வசதி இருக்கிறது, மணல்திட்டு எங்கே இருந்து எங்கே போயிருக்கிறது என்று அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

வேலை முடிந்ததும் குறுக்குவெட்டின் இரண்டு முனையிலும், வெள்ளம் எட்டாத உயரத்தில், ஒரு இரும்புக் கம்பி அறைந்து பெயின்ட் அடித்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் நிற்கும் மரத்திலிருந்து தூரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், கம்பியை யாராவது பழைய இரும்புக்குப் பிடுங்கிக்கொண்டு போனாலும் இடம் தெரியும். அடுத்த மழைக்கு அப்புறம் அதே கோட்டில் டேப்பைக் கட்டி அளந்து, இரண்டு வருஷக் கோட்டையும் ஒரே தாளில் போட்டுப் பாருங்கள்.