கேம்பர் வானில் காஸ் மணக்கிறதா? எங்கே தேடுவது, எதைத் தொடக்கூடாது

பழைய ஹயஸ், கரவான் வான்களை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டிலும் குட்டிக் குசினியும் போட்டுக்கொண்டு கொழும்பிலிருந்து எல்ல, அறுகம்குடா, நுவரெலியா என்று கிளம்புகிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் கட்டி இறக்கிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக் குசினியில் சரிவந்த பழக்கத்தை அப்படியே வானுக்குள் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் சிலிண்டர் ஒரே இடத்தில் நிற்கிறது, ஹோஸை யாரும் ஆட்டுவதில்லை, அறையும் பெரிது. வானில் ஒவ்வொரு குழியிலும் எல்லா மூட்டுகளும் குலுங்குகின்றன, படுக்கிற இடத்துக்கு இரண்டு அடி தள்ளித்தான் அடுப்பு, அதே தரையில்தான் பற்றரியும் வயரும் பிரிட்ஜும் இருக்கின்றன.

காஸ் காற்றைவிடப் பாரமானது. அதில் கலந்திருக்கிற இரண்டு வாயுக்களில் புரொப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. ஆகவே கசிவது மேலே எழும்பிப் போகாது, தரையில் தண்ணீர் மாதிரித் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு வானின் கொள்ளளவுக்கு அது எவ்வளவு சின்ன அளவு என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் நின்றுகொண்டு மணந்து பார்த்தால் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், குனிந்து தரையோடு மூக்கை வைத்தால் தெரியும். மூக்கையும் முழுசாக நம்ப முடியாது. கொஞ்ச நேரம் அதே மணத்துக்குள் இருந்தால் மூக்குக்குப் பழகிவிடும், கொவிட்டுக்குப் பிறகு மணமே சரியாகத் தெரியாத ஆட்களும் இருக்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் வெளியே நிற்கிற ஒருவரைக் கூப்பிட்டு மணந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மணம் வந்துவிட்டது என்றால் அந்த நிமிடம் தேடத் தொடங்காதீர்கள், தேடல் அப்புறம். லைட் சுவிட்ச், ஃபேன், தண்ணீர் பம்ப் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ஏனென்றால் இரண்டிலுமே பொறி வரும். என்ஜினை ஸ்டார்ட் பண்ணி வேறு இடத்துக்கு எடுக்கலாம் என்ற யோசனையே வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், எல்லாக் கதவையும் திறங்கள், ஆட்களை இறக்குங்கள், போனை வெளியே தள்ளி நின்று எடுங்கள். கொழும்பில் தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு சுவசெரிய 1990. வான் வெள்ளவத்தை அல்லது பம்பலப்பிட்டி மாதிரி இடத்தில் ஒரு மாடிவீட்டின் நிலக்கீழ் பார்க்கிங்கில் நிற்கிறது என்றால் இன்னும் அவசரம். கசியும் காஸ் கீழே இறங்கும், நிலக்கீழ்த் தளத்தில் அது வெளியே போக வழியில்லை, ஆகவே காவலாளிக்கும் உடனே சொல்லுங்கள். சிலிண்டர் ஏற்றிய வானை அப்படியான இடத்தில் இரவில் விடுவதையே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திறந்தவெளியில் விடுங்கள், அதுவும் கான் மூடி, வடிகால் வாய் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து.

மணம் முழுசாகப் போன பிறகு, பகல் வெளிச்சத்தில், கதவுகள் திறந்தபடி இருக்கத் தேடுங்கள். அடுப்பின் குமிழ்கள் எல்லாம் மூடி இருக்க வேண்டும், ரெகுலேட்டர் திறந்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஒரு பழைய பல்துலக்கும் பிரஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். நெருப்புக்குச்சி, லைட்டர் கொண்டு பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து அது வேண்டவே வேண்டாம். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பு வெடித்த செய்திகள் வந்தபோது, சிலிண்டர் வாங்குகிற இடத்திலேயே வாயில் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு வந்தது. அது நல்ல பழக்கம், அதை விடாதீர்கள். ஆனால் வானில் சிலிண்டர் வாய் மட்டும் போதாது. சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம், ரெகுலேட்டர் உட்காருகிற இடம், ரெகுலேட்டரில் ஹோஸ் ஏறுகிற மூக்கு, ஹோஸின் முழு நீளம், செப்புக் குழாயின் ஒவ்வொரு நட், அடுப்புக்கு முன்னால் இருக்கும் சிறிய டெப், கடைசியாக அடுப்புக் குமிழின் அடி என்று வரிசையாகப் போங்கள்.

அவசரப்பட வேண்டாம். பெரிய கசிவு உடனே நுரையாகப் பொங்கும், அது சுலபம். சின்னக் கசிவுதான் ஏமாற்றும்: நட்டின் விளிம்பில் ஊசிமுனை அளவு ஒரு குமிழி தெரியும், அது மெதுவாகப் பெருத்து, அசையாமல் நின்று, பிறகு அதே இடத்தில் இன்னொன்று கிளம்பும். பிரஷ் தடவியபோது வந்த குமிழி சும்மா கரைந்துவிடும், திரும்ப வராது. வேறுபாடு தெரிய ஒவ்வொரு மூட்டையும் குறைந்தது ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள், சில திரவங்களில் இருக்கிறவை பித்தளையை அரிக்கும். கசிகிற நட்டை ஸ்பானரால் பலமாக இறுக்கிவிட்டு நின்றுவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். செப்புக் குழாயின் விரிந்த வாய் வெடித்திருந்தால் இறுக்க இறுக்க மோசமாகும், இன்றைக்கு அடங்கிய கசிவு ஹப்புத்தளை ஏற்றத்தில் திரும்ப வரும்.

ஹோஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கழற்றி, கைவிரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது மினுக்கமாகத் தெரிகிற ஹோஸ் வளைத்த இடத்தில் மயிரிழை மாதிரி வெடிப்புகளைக் காட்டும், குறிப்பாகக் கிளிப்புக்கு அரை அங்குலம் தள்ளியும் அடுப்பின் சூடு படுகிற பக்கத்திலும். ஒரு வெடிப்பு தெரிந்தாலும் மாற்றுங்கள், அந்தத் துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தைப் போடுவது வேண்டாம். வாங்கும்போது எஸ்எல்எஸ் முத்திரையும் தயாரித்த திகதியும் அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள், ஹாட்வெயார் கடையில் அடியாக வெட்டித் தருகிற பெயரில்லாத தண்ணீர் ஹோஸ் காஸுக்கு உதவாது. கல்கிசை, வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் வைத்திருக்கிற வான் என்றால் உப்புக்காற்று கிளிப்பையும் ரெகுலேட்டர் ஸ்பிரிங்கையும் சீக்கிரம் தின்றுவிடும், ஆகவே துரு பிடித்த கிளிப்பைப் பார்த்தால் ஹோஸ் நல்லதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். எலி கடித்த ஹோஸும் நம் ஊரில் அபூர்வமில்லை. இரும்புத் தகட்டில் துளைபோட்டு ஹோஸை நேராக நுழைத்திருந்தால் அது ஓட்டத்தில் அறுபடும். நீண்ட தூரத்துக்குச் செப்புக் குழாயைக் கிளாம்ப் போட்டு அசையாமல் பொருத்தி, இரண்டு நுனியிலும் மட்டும் குட்டை ஹோஸ் வைப்பதுதான் முறை, தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையமும் வேண்டும்.

இனி நான் அதிகம் வாதாடுகிற விசயம்: தரை ஓட்டை. முறையாகக் கட்டிய வண்டியில் சிலிண்டர் பெட்டி ஆட்கள் இருக்கும் பக்கத்திலிருந்து முழுசாக அடைக்கப்பட்டு, அடியில் வெளியே திறந்த ஒரு துவாரத்தோடு இருக்கும். அடுப்பு, பிரிட்ஜ் கீழேயும் தரையில் சிறிய துவாரங்கள் இருக்கும். கசிகிற காஸ் இறங்கி வெளியே போவதற்கே அவை இருக்கின்றன. வானுக்குள் தூசி வருகிறது, நுளம்பு வருகிறது, மழைத்தண்ணீர் தெறிக்கிறது என்று அதை டேப் ஒட்டியும் ரப்பர் பாய் விரித்தும் அடைத்துவிடுகிறார்கள், பிறகு அங்கே ஒரு துவாரம் இருந்ததே மறந்துபோகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் வானுக்கு அடியில் குனிந்து டோர்ச் அடித்துப் பாருங்கள், சேறு அடைத்திருந்தால் குச்சியால் எடுங்கள். பூச்சிக்கு உலோக வலை போடலாம், ஆனால் தூசியில் அடைந்துபோகிற நைலோன் நுளம்பு வலை வேண்டாம். உள்ளூரில் செய்த வானில் அப்படி ஓட்டையே இல்லை, சிலிண்டர் கட்டிலுக்கு அடியில் சும்மா நிற்கிறது என்றால், மற்ற எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை அந்தப் பெட்டியைக் கட்டுவதுதான். 12.5 கிலோ சிலிண்டரை வானில் வைக்க நினைக்காதீர்கள், 5 கிலோ அல்லது 2.3 கிலோ போதும், நிமிர்த்தி வைத்து இரண்டு இடத்தில் பட்டி போட்டுக் கட்டுங்கள்.

நிமிர்த்தி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சிலிண்டருக்குள் இருப்பது திரவம், மேலே நிற்கிற ஆவிதான் அடுப்புக்கு வர வேண்டும். சரிந்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும், அது ஆவியாகும்போது ஏறத்தாழ 250 மடங்கு பெருக்கும், அடுப்பில் சுவாலை முகம் வரை எழும்பும். ஏற்றத்தில் சிலிண்டர் சரிந்திருக்கக்கூடும் என்று தோன்றினால் நிமிர்த்தி வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்து, ரெகுலேட்டரையும் சோதித்த பிறகு பற்றவையுங்கள். ரெகுலேட்டரைச் சிலிண்டர் வாயைவிட உயரமாகப் பொருத்துவது நல்லது. காஸோடு வருகிற எண்ணெய்ப் பசை கீழே வடிந்துவிடும், ரெகுலேட்டருக்குள் தேங்கி அடைக்காது.

சரி, கசிவு இல்லை, ஆனால் சுவாலை சரியில்லை. நீலமாக, உறுதியாக எரிய வேண்டும். மஞ்சளாக ஆடி, சட்டி அடியில் கரி பிடித்தால் காற்று போதாமல் எரிகிறது. பேர்னர் துளைகளில் சாப்பாடு கொட்டி அடைத்திருக்கலாம், அல்லது நம் ஊர்க் குளவி காற்றுக்குழாய்க்குள் மண்கூடு கட்டியிருக்கலாம். சில மாதம் ஓடாமல் நின்ற வானில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், பிரிட்ஜின் புகைக்குழாயிலும் சேர்த்து. சுவாலை பேர்னரை விட்டுத் தூக்கி, சத்தம்போட்டு எரிந்தால் அமுக்கம் கூட, ரெகுலேட்டர் பழுதாகியிருக்கும், உடனே மூடுங்கள். குமிழை விட்டதும் அணைந்துவிட்டால் பெரும்பாலும் சுவாலையை உணர்கிற சிறிய கம்பியில் கரி படிந்திருக்கும் அல்லது அது வளைந்து தள்ளி நிற்கும், துடைத்து நேராக்கினால் சரியாகும். அதைத் துண்டித்து அடுப்பு மட்டும் எரியும்படி செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், காற்றில் அணைந்த அடுப்பு காஸை ஊற்றிக்கொண்டே இருப்பதைத் தடுக்கிற ஒரே பொருள் அது.

ஐரோப்பிய மோட்டார்ஹோமில் இன்னொரு சிக்கல். அந்த வண்டிகளில் பெரும்பாலும் சுவரிலேயே 30 மில்லிபார் ரெகுலேட்டர் இருக்கும். அதற்கு முன்னால் நம் வீட்டு ரெகுலேட்டரையும் மாட்டினால் இரண்டு தடவை அமுக்கம் குறைந்து சுவாலை சோர்ந்துபோகும். ஆட்கள் உடனே அடுப்பைத்தான் குற்றம் சொல்வார்கள், காஸ் வெளிவருகிற சிறு துளையான ஜெட்டைக் குடைந்து பெரிதாக்குவார்கள். குடையாதீர்கள். சிலிண்டருக்குப் பொருத்தமான இணைப்பை விசயம் தெரிந்தவரிடம் போடுவித்தால் போதும்.

மலைநாட்டில் வேறு கதை. பியூட்டேன் பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழேதான் கொதிக்கும், புரொப்பேன் பூச்சியத்துக்கு 42 பாகை கீழே. கொழும்பின் 30 பாகையில் இரண்டும் நன்றாக ஆவியாகும், ஜனவரி விடியலில் நுவரெலியாவில் பியூட்டேன் கூடிய சிலிண்டர் சோர்ந்துவிடும், பாதிக்கு மேல் காஸ் இருந்தும் அடுப்பு எரியாது. சிலிண்டரில் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், நெருப்புக் காட்டாதீர்கள், வெயில் ஏறும் வரை காத்திருங்கள். அதே குளிரில் இன்னும் பெரிய ஆபத்து, கதவு யன்னல் எல்லாம் மூடி அடுப்பை எரியவிட்டுச் சூடு காய்வது. அரைகுறையாக எரியும் காஸ் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவை விடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் என்று காய்ச்சல் மாதிரித்தான் தொடங்கும், வானில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் குறைந்தால் அதுதான். அடுப்பை அணைத்து எல்லோரும் வெளியே வாருங்கள், மயக்கமாக இருந்தால் 1990 எடுங்கள். படுக்கும்போது ஒரு அடுப்பும் எரியக்கூடாது, கரி அடுப்பை அணைத்துவிட்டேன் என்று உள்ளே கொண்டுவரவும் கூடாது.

அலாரம் இரண்டும் வேறு வேறு. காஸ் அலாரம் தரைக்குக் கிட்ட, காபனோரொட்சைட்டு அலாரம் படுக்கிற ஆளின் தலை மட்டத்தில். இடம் மாறினால் நேரத்துக்குக் கத்தாமல் போகலாம். நுளம்புக்கு அடிக்கிற ஸ்ப்ரேக்கும் காஸ் அலாரம் கத்தும், அதற்காக வயரைப் பிடுங்காதீர்கள், முதலில் காஸ் என்றே எடுத்துச் சோதியுங்கள். இடைவிட்டு ஒரு தடவை மட்டும் கீச்சிட்டால் பற்றரி குறைந்திருக்கும் அல்லது சென்சரின் ஆயுள் முடிந்திருக்கும், பின்பக்கத்தில் திகதி இருக்கும்.

ஜப்பான் வான்களில் வருகிற, சின்னக் காஸ் டின்னைச் செருகி எரிக்கிற டின் அடுப்புக்கும் ஒரு சொல். டின்னில் 40 பாகைக்கு மேல் வைக்காதே என்று எழுதியிருக்கும். கொழும்பு மத்தியானத்தில் பூட்டிய வான் அதைச் சுலபமாகத் தாண்டும், ஆகவே டின்னை டாஷ்போர்டில் விட வேண்டாம், இறங்கும்போது எடுத்துப் போங்கள். அடுப்பைவிட அகலமான சட்டியை வைத்தால் அடிச்சூடு திரும்பி டின்னில் படும், அதுவும் வேண்டாம்.

ஓடும்போது காஸ் மூடியிருக்க வேண்டும், பெற்றோல் செட்டுக்குள் நுழையும் முன் பிரிட்ஜின் காஸ் சுவாலையும் அணைந்திருக்க வேண்டும். நம் வீட்டுச் சிலிண்டர்களில் பெரும்பாலும் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டால்தான் முழுசாக மூடியதாகும், குமிழைத் திருப்பியது மட்டும் நீண்ட ஓட்டத்துக்குப் போதாது. கதவோரமாக ஒரு உலர் தூள் தீயணைப்பான் இருக்கட்டும். காஸ் வருகிற வழியை மூட முடியாவிட்டால் எரிகிற சுவாலையை அணைக்க முயலாமல் தள்ளிப் போங்கள், அணைந்த பிறகு சேர்கிற காஸ் இன்னும் மோசம்.

குழாய் வேலையை நீங்களே செய்ய வேண்டாம், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சாமான் எல்லாம் கிடைக்கும் என்றாலும். வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்து, முடிந்ததும் அமுக்கம் அளக்கிற மானோமீட்டரை மாட்டி அது இறங்குகிறதா என்று உங்கள் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். முள் சிலநிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அவரிடம் அந்தக் கருவி இல்லை, மணந்து பார்த்தால் போதும் என்கிறார் என்றால், காசைக் கொடுக்காமல் வேறு ஆளைத் தேடுங்கள்.