சின்ன விளக்கு, குறைந்த ஒளி: மாதிரி ரயில்களுக்கு விளக்குப் பொருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரி ரயிலுக்கு விளக்குப் பொருத்துவதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே ஆசையிலிருந்து பிறக்கின்றன. விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும் என்பதே அந்த ஆசை. அதைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டால், சூடு, ஒளிக்கசிவு, சிமிட்டல், கருகிப்போகும் எல்இடி என்று தனித்தனியாகத் தெரியும் தொல்லைகளில் பாதி தாமாகவே விலகிவிடும்.

அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாதிரி ரயில்களில் எச்ஓ (HO) அளவு என்பது 1:87, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. அசல் என்ஜினில் 25 சென்டிமீட்டர் அகலமுள்ள முகப்பு விளக்கு இங்கே 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 1:160 ஆன ‘என்’ (N) அளவில் அது 1.6 மில்லிமீட்டர்தான். அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஓர் எல்இடியை அதன் முழு மின்னோட்டமான 20 மில்லி ஆம்பியரில் எரியவிட்டால், ரயில் வருவதுபோல் தெரியாது. வெல்டிங் பொறி நகர்ந்து வருவதுபோல்தான் தெரியும். இன்றைய வெள்ளை எல்இடிகளுக்கு 1 முதல் 3 மில்லி ஆம்பியரே தாராளம். பயணிகள் பெட்டியின் உள்விளக்குக்கும் வால் விளக்குக்கும் அதைவிடக் குறைவாகவும் போகலாம்.

கணக்கு எளிது. கிடைக்கும் மின்னழுத்தத்திலிருந்து எல்இடி எடுத்துக்கொள்ளும் மின்னழுத்தத்தைக் கழித்து, மீதியை வேண்டிய மின்னோட்டத்தால் வகுத்தால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரின் மதிப்பு வந்துவிடும். வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட் எடுக்கும். சிவப்பு சுமார் 2 வோல்ட். 12 வோல்ட்டில் வெள்ளை எல்இடியோடு 470 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் ஏறக்குறைய 19 மில்லி ஆம்பியர் ஓடும். 4.7 கிலோ ஓம் வைத்தால் 2 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. முதலாவது கண்ணைக் கூசவைக்கும். இரண்டாவது விளக்காகத் தெரியும். வெள்ளைக்குப் போட்ட அதே மதிப்பைச் சிவப்புக்கும் போட்டுவிட்டு, வால் விளக்கு ஏன் இப்படி எரிகிறது என்று வியப்பவர்கள் பலர். எடுக்கும் மின்னழுத்தம் குறைவு என்பதால் சிவப்பில் மின்னோட்டம் கூடுகிறது. அதற்குத் தனியாக, கூடுதல் மதிப்புள்ள ரெசிஸ்டர் வேண்டும்.

ஒளியை எங்கே வைத்துச் சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மேசையில் 9 வோல்ட் பேட்டரியில் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று முடிவெடுத்து, டிசிசி (DCC) தண்டவாளத்தில் ஏற்றுவார்கள். டிசிசி என்பது தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தத்தை வைத்து, டிஜிட்டல் கட்டளைகளால் ரயிலை ஓட்டும் முறை. எச்ஓ அளவில் அங்கே பொதுவாக 14 முதல் 16 வோல்ட் வரை இருக்கும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு பேட்டரியில் 6 மில்லி ஆம்பியர் ஓடிய எல்இடியில் இங்கே அதன் இருமடங்கு ஓடும். எந்த மின்னழுத்தத்தில் ஓடப்போகிறதோ அதிலேயே, ரயிலை வழக்கமாக ஓட்டும் அறை வெளிச்சத்திலேயே பார்த்து மதிப்பை முடிவு செய்யுங்கள். பல மதிப்புகளை மாற்றிப் பார்க்க ஒரு திருகு ரெசிஸ்டரையும் அதோடு தொடராக 1 கிலோ ஓமையும் வைத்துக்கொண்டால் வேலை விரைவில் முடியும்.

ரெசிஸ்டரும் துருவமும்

ரெசிஸ்டர் இல்லாமலே எல்இடியை இணைப்பது உடனே தண்டனை தரும் தவறு. எல்லோரும் ஒரு முறையில் கற்றுக்கொண்டுவிடுவார்கள். மெதுவாகத் தண்டனை தருவது பல எல்இடிகளை இணையாகச் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் போடுவது. ஒரே பொட்டலத்து எல்இடிகள்கூட மிகச் சரியாக ஒரே மின்னழுத்தத்தில் எரிவதில்லை. கொஞ்சம் குறைவாகக் கேட்பது கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ளது மங்கும். சிவப்பையும் வெள்ளையையும் இப்படிச் சேர்த்தால் சிவப்பு மட்டுமே எரியும், வெள்ளை எரியவே எரியாது. ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் என்பதே பாதுகாப்பான வழக்கம். இடம் போதாதபோது இரண்டு எல்இடிகளைத் தொடராக இணைக்கலாம். ஆனால் தண்டவாள மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே வேகத்தை மாற்றும் சாதாரண நேர்மின்சார (DC) ரயிலில் இரண்டு வெள்ளைகள் சேர்ந்தால் 6 வோல்ட் வந்த பிறகுதான் ஒளி வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்இடியைத் தலைகீழாக இணைத்தால் எரியாது, அவ்வளவுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பொதுவாக எல்இடிகள் 5 வோல்ட் வரையிலான எதிர்மின்னழுத்தத்தையே தாங்குவதாகக் குறிக்கப்படுகின்றன. நேர்மின்சார அமைப்பில் ரயிலைப் பின்னோக்கி ஓட்டும்போது தண்டவாளத்தின் துருவம் மாறுகிறது. முகப்பு விளக்கின் மீது 12 வோல்ட் எதிர்த்திசையில் வந்து விழும். டிசிசியில் இது ஒவ்வொரு வினாடியும் ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. சில நாள் எரிந்துவிட்டு, காரணம் தெரியாமல் அணைந்துபோகும் எல்இடிகளில் பலவற்றின் கதை இதுதான். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4148 (1N4148) போன்ற சிறு டையோடு ஒன்றை எல்இடிக்கு இணையாக, எதிர்த்திசையில் வைத்தால் போதும். முன் விளக்கையும் பின் விளக்கையும் ஒன்றுக்கொன்று எதிராக இணைத்து ஒரே ரெசிஸ்டர் வழியே விடுவது இன்னும் அழகான தீர்வு. ஒன்று எரியும்போது மற்றொன்று அணைந்திருக்கும். எரிவது மற்றதைக் காக்கும். நேர்மின்சார அமைப்பில் போகும் திசைக்கேற்ப விளக்கும் மாறும்.

டிசிசி கட்டளைகளைப் படித்துச் செயல்படுத்தும் டீகோடர் என்ற சிறு சுற்று உள்ள என்ஜினில் நீல ஒயர்தான் விளக்குகளுக்குப் பொதுவான நேர்முனை. வெள்ளை ஒயர் முன் விளக்குக்கு, மஞ்சள் பின் விளக்குக்கு. எல்இடியின் நேர்முனை நீலத்துக்குப் போக வேண்டும். நீலத்தை எதிர்முனை என்று எண்ணி இணைத்துவிட்டு, டீகோடர் கெட்டுவிட்டதாகத் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. விளக்கின் ஒரு முனையை என்ஜினின் உலோக அடிச்சட்டத்தில் தொடுத்துவிடுவது இதைவிட ஆபத்தானது. பல மாதிரிகளில் அந்தச் சட்டம் ஏதாவது ஒரு தண்டவாளத்தோடு மின்தொடர்பில் இருக்கும். உறையில்லாத ஒயர் ஒன்று அதைத் தொட்டால் டீகோடரின் விளக்கு வெளியீடு ஒரு நொடியில் போய்விடும்.

துருவத்தைக் கண்டுபிடிக்க எல்இடியின் மேலுள்ள பச்சைப் புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது எதிர்முனையைக் காட்டும் என்றாலும் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. மல்டிமீட்டரின் டையோடு நிலையில் தொட்டுப் பார்ப்பதற்குச் சில நொடிகள்தான் ஆகும்.

சிமிட்டல்

உள்விளக்கு சிமிட்டினால் உடனே மின்சாரத்தைச் சிறிது நேரம் சேமித்துத் தரும் பெரிய கெபாசிட்டர் வாங்கப் போகாதீர்கள். முதலில் சக்கரத்தைப் பாருங்கள். அழுக்குப் படிந்த சக்கரம், ஒரே சக்கரத் தொகுதியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் அமைப்பு, அச்சைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் பித்தளைத் தகடு ஆகியவைதான் நோய். கெபாசிட்டர் அதை மறைக்கும் போர்வை. இரு முனைகளிலும் உள்ள சக்கரத் தொகுதிகளிலிருந்து, முடிந்தவரை எல்லாச் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுங்கள். பாஸ்பர் வெண்கலக் கம்பியைச் சக்கரத்தின் பின்பக்கமோ அச்சிலோ மெல்ல உரசும்படி வைத்தால் போதும். அழுத்தி வைத்தால் பெட்டி பிரேக் போட்டதுபோல் இழுக்கும்; பத்துப் பெட்டி சேர்ந்தால் என்ஜின் ஏற்றத்தில் திணறும்.

அதற்குப் பிறகே கெபாசிட்டர். தண்டவாளத்தின் துருவம் எப்படி மாறினாலும் ஒரே திசையில் மின்சாரம் தரும் பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்கு அடுத்துத்தான் அது எப்போதும் வர வேண்டும். தண்டவாளத்துக்கு நேராக இணைத்தால் டிசிசி சமிக்ஞை சிதையும். துருவமுள்ள கெபாசிட்டர் வெடிக்கவும் கூடும். 16 வோல்ட் தாங்கும் வகை சிறியதாக இருக்கிறதே என்று டிசிசியில் அதை நுழைக்காதீர்கள். 25 வோல்ட் வகையை எடுங்கள்.

குறைந்த மின்னோட்டத்தின் பலன் இங்கே முழுமையாகத் தெரிகிறது. 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் 470 ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்தால் அவற்றின் காலமாறிலி, அதாவது சேமித்த மின்னழுத்தத்தின் பெரும்பகுதி வடிய ஆகும் நேரம், 0.22 வினாடி. அதே கெபாசிட்டரோடு 4.7 கிலோ ஓம் சேர்ந்தால் 2.2 வினாடி. எல்இடிக்கு என்று ஒரு குறைந்தபட்ச மின்னழுத்தம் இருப்பதால் இந்தக் கணக்கு தோராயமானதுதான். ஆனாலும் பத்து மடங்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒளியைக் குறைத்தவர் கழிவறைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சின்னக் கெபாசிட்டரோடு தப்பிக்கிறார். குறைக்காதவர் ஜன்னல் வழியே தெரியும் உருளையோடு மல்லுக்கட்டுகிறார்.

டிசிசியில் பல பெட்டிகளுக்குக் கெபாசிட்டர் போட்டால், மின்சாரம் வந்த நொடியில் அவை எல்லாம் ஒன்றாக நிரம்பத் தொடங்கும். கட்டுப்பாட்டுக் கருவி அதைக் குறுக்குச் சுற்று என்று கருதி அணைந்துவிடும். ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் தொடராக 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

நேர்மின்சார அமைப்பில் வேறொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட், பிரிட்ஜுக்குச் சுமார் 1.4 வோல்ட் என்று கூட்டினால் தண்டவாளத்தில் 4.4 வோல்ட் வரும்வரை விளக்கு எரியாது. ரயில் அதற்குள் நகர ஆரம்பித்திருக்கலாம்; நிலையத்தில் நிற்கும்போது இருட்டுதான். இதை ரெசிஸ்டரைக் குறைத்துச் சரிசெய்ய முயன்றால் முழு வேகத்தில் எல்இடி கருகும். நின்ற ரயிலிலும் விளக்கு வேண்டும் என்றால் பெட்டிக்குள் பேட்டரி வைப்பது அல்லது டிசிசிக்கு மாறுவது என்ற முடிவைத் தொடக்கத்திலேயே எடுப்பது நல்லது.

பற்றவைப்பு

0402 எனப்படும் எல்இடி 1 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். முதல் வேலைக்கு இது வேண்டாம். 0805 (2 மில்லிமீட்டர்) அல்லது 0603 (1.6 மில்லிமீட்டர்) எடுத்துப் பழகுங்கள், பெரும்பாலான எச்ஓ விளக்குகளுக்கு அவையே பொருந்தும்.

எல்இடியை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி அசையாமல் நிறுத்துங்கள். அதன் முனைகளிலும் ஒயரின் நுனியிலும் தனித்தனியாக ஈயம் பூசிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு நொடி தொட்டால் போதும். மூன்று கைகள் இல்லையே என்ற தவிப்பு போய்விடும். சூட்டுக்கோலைப் பிடித்துக்கொண்டே இருந்தால் எல்இடியின் பிளாஸ்டிக் உடல் உருகி முனை கழன்றுவிடும். பற்றவைப்புக்கான ரோசின் பசையை (ஃப்ளக்ஸ்) பயன்படுத்துங்கள். குழாய் வேலைக்கான அமிலப் பசை மெல்லிய ஒயரை மாதக் கணக்கில் அரித்துத் தின்றுவிடும்.

எனாமல் பூசிய 0.1 மில்லிமீட்டர் செப்புக் கம்பி இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் நுனியில் எனாமல் போகாமல் பற்றவைத்தால் ஈயம் சுற்றிலும் உறைந்து, இணைந்ததுபோல் காட்சி தரும். உள்ளே தொடர்பு இருக்காது. நுனியை ஈயத்துளிக்குள் நன்றாகச் சூடேற்றிப் பூச்சை எரித்துவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் அப்போதே சோதியுங்கள். இந்தக் கம்பியைச் சுழலும் சக்கரத் தொகுதிக்குக் கொண்டுபோவதும் தவறு. வளைவுகளில் திரும்பித் திரும்பி முறிந்துவிடும். அங்கே பல இழைகள் கொண்ட மென்மையான ஒயர் வேண்டும்.

நிறமும் கசிவும்

வெள்ளை எல்இடி உண்மையில் மஞ்சள் பாஸ்பர் பூசிய நீல எல்இடி. பிரகாசமான நீல எல்இடியே 1990களில்தான் வந்தது. நீராவி என்ஜினின் எண்ணெய் விளக்கிலிருந்து நீலம் கலந்த வெள்ளொளி வருவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது; வண்ணம், எழுத்து, ஆணி என்று எல்லாவற்றையும் காலத்துக்கேற்பச் செய்தவர் இதில் கோட்டைவிட்டுவிடுகிறார். பழைய விளக்குகளுக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் சார்ந்த வகையை வாங்குங்கள். எண்ணெய் விளக்குக்கு அதன் மீதும் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு வண்ணம் ஒரு பூச்சு கொடுக்கலாம். குளிர்வெள்ளை புதிய காலத்துப் பெட்டிகளுக்கும் என்ஜின்களுக்கும்தான் பொருந்தும்.

பிளாஸ்டிக் மேற்கூடு ஒளியை உள்ளிருந்து கசியவிடும். என்ஜினின் மூக்கு முழுவதும் சிவந்து ஒளிரும். உட்புறத்தில் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை என்று பூசினால் கசிவு நிற்கும், ஒளியும் திரும்பிப் பரவும். அலுமினியத் தாளை ஒட்டி மறைப்பவர்கள் அது மின்சாரம் கடத்தும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எல்இடியையும் விளக்குக் கண்ணாடியையும் சூப்பர் குளூவால் ஒட்ட வேண்டாம். அதன் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் வெண்படலமாகப் படியும், துடைத்தாலும் போகாது. காய்ந்தால் நிறமற்றுப் போகும் வெள்ளைப் பசை போதும். பின்னால் எல்இடியை மாற்ற வேண்டி வந்தால் அதை எளிதாகப் பிரித்தெடுக்கவும் முடியும்.

கூட்டை மூடும் முன்

விளக்கு மேற்கூட்டிலும் மின்சாரம் அடிச்சட்டத்திலும் இருக்கும்போது நடுவில் ஒயர் போயே ஆக வேண்டும். அதைக் குட்டையாக வைத்தால் கூட்டைத் திறக்கும் முதல் தடவையே எல்இடியின் முனை பிய்ந்துவிடும். சிறிய இருமுனைச் செருகி ஒன்றை நடுவில் வைத்தால் மேற்கூடு தனியாகக் கழன்று வரும். இடமில்லாத ‘என்’ (N) அளவுப் பெட்டிகளில், கூட்டை முழுவதும் பக்கவாட்டில் சாய்த்து வைக்கும் அளவுக்கு ஒயரை நீளமாக விட்டு, மிச்சத்தைக் கூரைக்குள் டேப்பால் ஒட்டிவிடுங்கள். கூட்டை மூடியதும் சக்கரத் தொகுதிகள் இருபுறமும் தடையின்றித் திரும்புகின்றனவா என்று கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, உங்களிடம் உள்ள மிகக் குறுகிய வளைவில் ஒரு முறை மெதுவாக ஓட்டுங்கள். எங்கோ மாட்டிய ஒயர் அங்கேதான் பெட்டியைத் தடம்புரள வைக்கும்.