வெயில் பாதி, நாம் பாதி: கோடைத் தொடக்கத்தில் மாடித்தோட்டத்தில் செய்யும் தவறுகள்

மாசி மாதம் வரைக்கும் மாடித்தோட்டம் போட்ட எல்லோரும் நிபுணர்கள்தான். தக்காளி கொத்துக் கொத்தாகத் தொங்கும், கத்தரி பளபளக்கும், படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஊரிலிருந்து சித்தப்பா கைதட்டுவார். பங்குனி பிறந்து பத்து நாள் ஆகட்டும். தக்காளிப் பூ உதிரும், வெண்டை இலை மஞ்சளாகும், பாகல் பிஞ்சு வெம்பி விழும். நமக்குக் கை சும்மா இருக்காது. கூடுதலாக ஒரு குடம் தண்ணீர், ஒரு பிடி உரம், யாரோ சொன்ன ஒரு மருந்து என்று ஆரம்பித்துவிடுவோம். மதுரையில் ஒன்பது கோடைகளாக மொட்டைமாடியில் செடி வளர்க்கிறேன். வெயிலில் செத்த செடிகளைவிட என் பதற்றத்தில் செத்தவைதான் அதிகம்.

முதலில் தண்ணீர். கோடையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாதி இங்கேதான் இருக்கிறது.

பகல் ஒரு மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தால் கத்தரி, பூசணி, பப்பாளி எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். அகலமான இலை வழியாக ஆவியாகிப் போகும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். மண்ணில் ஈரம் இருந்தால் சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். இதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு உச்சி வெயிலில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் பேசாமல் கீழே இறங்கி வந்துவிடுங்கள்.

காலை ஆறு மணிக்கும் வாடியே நிற்கிறதா? அப்போதுதான் கவலைப்பட வேண்டும். மண் அடிவரை காய்ந்திருக்கலாம், இல்லை வேர் அழுகியிருக்கலாம். இந்த இரண்டாவதுதான் ஆளை ஏமாற்றும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே செடி பார்ப்பதற்குத் தாகத்தில் வாடுவதுபோலவே இருக்கும். நாம் இன்னும் ஊற்றுவோம், அது இன்னும் வாடும். என் முதல் கோடையில் ஆறு மிளகாய்ச் செடிகளை இப்படித்தான் முழுக்காட்டியே கொன்றேன். பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் பழுப்பு, சாக்கடை வாடை.

இதற்கு நேர் எதிரான ஏமாற்று ஒன்றும் உண்டு. செடி வளர்க்கும் பையில் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) அதிகமாகக் கலந்திருந்து, ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், அது தண்ணீரை ஏற்காது. மண் சுருங்கிப் பையின் ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கும். ஊற்றும் தண்ணீர் அந்த ஓரமாக வழிந்து அடித்துளையில் வந்துவிடும். ‘அடியில் தண்ணீர் வந்துவிட்டது, போதும்’ என்று நாம் நகர்ந்துவிடுவோம்; நடுவில் வேர் இருக்கும் இடம் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடக்கும். கொஞ்சம் ஊற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஊற்றினால் உள்ளே இறங்கும். சின்னத் தொட்டி என்றால் வாளித் தண்ணீரில் அப்படியே முக்கி, குமிழி நின்றதும் எடுத்துவிடலாம். பையைத் தூக்கிப் பார்த்து எடையை வைத்து ஈரத்தைச் சொல்லும் பழக்கம் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

அப்புறம் அந்த ஹோஸ் பைப். வெயிலில் சுருண்டு கிடந்த பைப்பைத் திறந்தால் முதலில் வருவது டீத்தூள் போடலாம் போலிருக்கும் வெந்நீர். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் சாயங்காலத்தில் சூடாகத்தான் இருக்கும். அதை நேரே வேரில் விடாதீர்கள். காலை ஏழு மணிக்கு முன் ஊற்றுவதுதான் என் வழக்கம். கத்திரி வெயில் நாட்களில் சின்னத் தொட்டிகளுக்கு மட்டும் பொழுது சாய்ந்தபின் இன்னொரு தடவை, அதுவும் வாளியில் பிடித்து ஆறவைத்த தண்ணீர்.

ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் செடிக்கு விடுகிறவர்கள் நிறையப் பேர். எண்ணம் நல்லதுதான். ஆனால் குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது? போர் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊரில் கேட்கவே வேண்டாம். இலை நுனி கருகும், மண்மேல் வெள்ளையாகப் பூக்கும். கோடையில் நீர் ஆவியாகப் போக, உப்பு மட்டும் பையிலேயே தங்கிச் சேரும். அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அதைப் பிடித்துச் செடிக்கு விடலாம்.

தக்காளி படுத்தும் பாடு

தக்காளிக்காயின் அடிப்பக்கம் மட்டும் கருத்து, அமுங்கி, தோல்போல ஆகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சை நோய் என்று நினைத்து மருந்து அடிப்பார்கள். இது நோயே இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. உடனே முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவோம். முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்காகும். அதற்குள் செடியின் ஆயுளே முடிந்துவிடும். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கவே செய்யும். அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது தண்ணீர். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் அந்தப் போக்குவரத்து அறுந்துபோகும். தினமும் ஒரே நேரம், ஒரே அளவு, மண்மேல் காய்ந்த சருகோ வைக்கோலோ இரண்டு அங்குலத்துக்கு மூடாக்கு. அடுத்து வரும் காய் சரியாக இருக்கும். கருத்த காய் தேறாது, பறித்துவிடலாம்.

பூ உதிர்வது வேறு கதை. பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் வெப்பம் இறங்காமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ பூக்கும், காய் பிடிக்காமல் உதிரும். தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர்க் கரைசல் தெளியுங்கள், பெருங்காயம் கரைத்து ஊற்றுங்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். செடிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சித்திரை மாதத்து ராத்திரிப் புழுக்கத்தைக் குறைக்கும் கரைசல் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. பங்குனியில் தக்காளி நாற்று வாங்கி நடுவதே தவறு என்பேன். சமவெளியில் கோடையைத் தாக்குப்பிடிக்கிற ஆட்கள் வேறு: கொத்தவரை, காராமணி, வெண்டை, பீர்க்கு, தண்டுக்கீரை, கொடிப்பசலை. கொத்தமல்லியும் இந்த வெயிலில் இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடும்.

உரமும் அப்படித்தான். சோர்ந்த செடியைப் பார்த்ததும் கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றத் தோன்றும். வெயிலில் திணறும் செடிக்கு அது விருந்தில்லை, சுமை. மாட்டுச் சாணத்தை மக்காமல் போட்டால் பைக்குள்ளேயே சூடு ஏறி வேரைப் பொசுக்கும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் நான் மக்கிய தொழுவுரம் ஒரு கையளவு போடுவதோடு சரி.

நிழல்வலையும் சிமெண்ட் தரையும்

கடையில் 35, 50, 75 சதவீதம் வெயிலை மறைப்பவை என்று நிழல்வலை கிடைக்கும். ‘மதுரை வெயிலுக்கு 75 போடுங்க சார்’ என்றார் கடைக்காரர். போட்டேன். செடியெல்லாம் நெட்டையாக, வெளிறிப்போய், ஒரு பூவும் இல்லாமல் வலையைத் தொட்டு நின்றன. காய்கறிக்கு 35, அதிகம் போனால் 50 போதும். வலையைச் செடியின் தலையை உரசுகிற மாதிரித் தாழ்வாகக் கட்டினால் அடியில் அனல் தேங்கும். காற்று ஓட இடம் வேண்டும். முழு மாடியையும் மூட வசதியில்லை என்றால் மேற்குப் பக்கம் மட்டும் மறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பிற்பகல் வெயில்தான் கொல்கிறது. பழைய நூல் புடவை இந்த வேலையை அருமையாகச் செய்யும். என்ன, எதிர்வீட்டு அக்கா ‘தம்பி, துணி காயப்போட்டு மூணு மாசமாச்சே, எடுக்கலையா?’ என்று கேட்பார்.

மேலே மறைத்துவிட்டுக் கீழே விட்டுவிடுகிறோம். வெறுங்காலில் நிற்க முடியாத சிமெண்ட் தரையில் கறுப்புப் பையை வைத்தால் வேர் வெந்துவிடாதா? இரண்டு செங்கல், இல்லை உரித்த தேங்காய் மட்டை, எதையாவது அடியில் கொடுத்துத் தூக்கி வையுங்கள். பைகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். கருகிய இலையை உடனே கிள்ளி எறியவும் வேண்டாம். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அடியில் இருக்கும் காய்க்கும் தண்டுக்கும் அதுதான் குடை.

பூச்சியும் மருந்தும்

வேப்பெண்ணெயை வெயிலில் தெளித்து இலையைப் பொரித்தெடுக்காதவர் இந்தப் பொழுதுபோக்கில் உண்டா தெரியவில்லை. லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், பொழுது சாயும் நேரம், இலையின் அடிப்பக்கம். அதற்கும் முன்னால் வெறும் தண்ணீரையே நம்பிப் பார்க்கலாம். கோடை வறட்சியில் பெருகுவது செஞ்சிலந்தி, இலையில் சாறு உறிஞ்சும் பொடிப் பேன். இலைமேல் ஊசிமுனை போல வெளிர்புள்ளி, அடியில் மெல்லிய நூலாம்படை. இலையின் அடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி நாலைந்து நாள் கழுவினாலே பெருமளவு குறைந்துவிடும். கந்தகத் தூள் இந்த வெயிலில் இலையைக் கருக்கிவிடும், வேண்டாம்.

வெண்டை இலை நரம்பு மட்டும் மஞ்சளாக வலைபோலத் தெரிந்தால் அது நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். இரும்புச் சத்து, எப்சம் உப்பு எதற்கும் மசியாது. பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் மிச்சச் செடிகளுக்கு நாம் செய்யும் உதவி. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ வந்து ஒட்டும்.

மாவுப்பூச்சி விஷயத்தில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. வெள்ளைப் பஞ்சு போல எது தெரிந்தாலும் நசுக்கிக்கொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் பெரிதாக, விறுவிறுவென்று நடப்பவை மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு வகைப் பொறிவண்டின் புழுக்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. காவல்காரனையே அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாட்டையே ஒரு கை பார்த்தது நினைவிருக்கலாம். மருந்துக்கு அடங்கவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட அசெரோபேகஸ் என்னும் கடுகளவுகூட இல்லாத குளவிதான் அடக்கியது. கண்ட மருந்தையும் அடித்தால் இப்படிப்பட்ட ஆட்கள்தான் முதலில் சாவார்கள். அதைவிட, தண்டில் ஏறும் எறும்பை நிறுத்தப் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது.

பிஞ்சிலேயே விழும் காய்

பூசணி, பாகல், சுரை போன்ற கொடியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. ‘பூக்கிறது, காய்க்கவில்லை’ என்று முதல் இரண்டு வாரத்திலேயே கொடியைப் பிடுங்கியவர்களை எனக்குத் தெரியும். வெயில் ஏற ஏற ஆண் பூ இன்னும் கூடும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அது மஞ்சளாகி உதிரும். மாடிக்குத் தேனீ வரவில்லையென்றால் நாமே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிடலாம். பலர் தவறுவது நேரத்தில். பூசணியும் பாகலும் விடியற்காலையில் மலரும், வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில்தான் மலரும். காலை எட்டு மணிக்குச் சுரைப் பூவைத் தொட்டுக்கொண்டிருந்தால் பலன் இல்லை.

மகரந்தம் சேர்ந்த பிஞ்சும் கோணலாகி அழுகினால் பழ ஈ. பிஞ்சு விரல் நீளம் வந்ததுமே காகிதப் பையோ துணியோ சுற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு, நனைத்த கருவாடு வைத்துத் தொங்கவிட்டாலும் ஈ சிக்கும். கீழ்வீட்டில் சைவக்காரர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பழச்செடிகளில் ஒன்று மட்டும். சித்திரையில் திடீரென்று ஒரு கோடைமழை கொட்டும். அதுவரை காய்ந்து கிடந்த மாதுளை அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் இழுக்கும். தோல் தாங்காமல் பழம் பிளக்கும். அதுவரை மண்ணைச் சீராக ஈரமாக வைத்திருந்தால் பிளவு குறையும். மழை பெய்த மறுநாள் வழக்கம்போல ஹோஸைத் திறக்காதீர்கள். பைக்கு அடியில் துளை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள், கொசு வந்துவிடும்.

மே கடைசியில் கத்திரி வெயில் முடியும்போது என் கத்தரிச் செடிகள் பார்க்கச் சகிக்காது. அக்கம்பக்கத்தார் பிடுங்கச் சொல்வார்கள். நான் முக்கால் அடி விட்டு மேலே வெட்டி, இரண்டு கை தொழுவுரம் போட்டு வைக்கிறேன். ஆனியில் துளிர்க்கும். ஆடியில் எல்லோரும் விதை தேடும்போது என் மாடியில் கத்தரி பூத்திருக்கும்.